ரங்கூனுக்குக் கேட்ட எவர்சில்வர் தட்டு

டண்! டண்! டணக்கு டண்! காலை ஏழரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டதும் வாயில் பற்பசை நுரையோடு வெளியே ஓடினேன். அமெரிக்காவின் காப்பெல் ஊரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர்ப் பால்கனியில், செல்வி ஆன்ட்டி நைட்டிமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பெரிய சோற்றுக் குண்டானைக் கரண்டியால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பதின்மூன்று வயதுக்காரி நான். போகி முடிந்து மூன்று வாரமாகியும் எனக்கு அது போகி மேளமாகத்தான் பட்டது. "ஆன்ட்டி, நானும் வரட்டா?" என்று கத்தினேன். "வாடி, கையில எது கிடைக்குதோ தூக்கிட்டு வா!" என்றார். நான் சாப்பிடும் எவர்சில்வர் தட்டோடு போய் நின்றேன்.

ஆன்ட்டி ரங்கூனில் பிறந்த தமிழர். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்றும், இரவு எட்டு மணியானால் பேயை விரட்டுவதுபோல ஊரே பாத்திரத்தைத் தட்டி அதை விரட்டுகிறது என்றும், அந்த எட்டு மணிதான் நமக்குக் காலை ஏழரை என்றும் அன்றுதான் சொன்னார். வீடியோ காலில் அவருடைய தம்பி முத்து, தையல்காரர், மிஷின் பக்கத்தில் நின்று இரும்பு வாணலியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடடா, என்ன கொண்டாட்டம் அது! நான் "டண் டண் டணக்கு" என்று அடித்து நிறுத்துவேன், கடல் தாண்டி முத்து அங்கிள் "டண் டண்" என்று முடித்துவைப்பார். "பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளெயிண்ட் பண்ணப் போறான்டி!" என்று திட்டிய அம்மாவே மூன்றாம் நாள் இட்லித் தட்டோடு வந்துவிட்டாள். ஒரு ராணுவத்தையே நாங்கள் மூன்று பேரும் துரத்திவிடப் போகிறோம் என்று நான் சத்தியமாக நம்பினேன்.

பத்தாம் நாள் தெரு இரைச்சலில் அங்கிள் அடிப்பது சரியாகக் கேட்கவில்லை. "உள்ளேயே நின்னா எப்படி அங்கிள்? பால்கனிக்கு வாங்க!" என்று கூவினேன். "இதோ வந்துட்டேன்டா கண்ணு" என்று சிரித்தார். திரையில் தெருவிளக்கு தெரிந்தது. நான் அடித்து நிறுத்தினேன். பதிலுக்குப் படபடவென்று வேறு சத்தம் வந்தது. "ஐ, வெடி போடுறாங்க!" என்று குதித்தேன். ஆன்ட்டியின் கரண்டி கீழே விழுந்தது.

சத்தம் வந்த பால்கனிகளைப் பார்த்துச் சிப்பாய்கள் சுட்டிருக்கிறார்கள். அங்கிள் அங்கேயே இறந்துபோனார். உடலைக்கூட வீட்டாரிடம் தரவில்லை.

மூன்று நாள் நான் அறையைவிட்டு வரவில்லை. ஆன்ட்டியே தேடி வந்தார். "நான்தானே வரச் சொன்னேன்" என்று கதறினேன். "பைத்தியமாடி நீ? அவன் தினமும் பால்கனியிலதான் நின்னு அடிப்பான். உன் கையில தட்டு, அவன் கையில சட்டி. துப்பாக்கி வச்சிருந்தவன்தான்டி கொன்னான்!" என்று அதட்டி, என்னைத் தரதரவென இழுத்துப்போய்ப் பால்கனியில் நிறுத்தினார். அன்று அடித்த அடியில் என் தட்டு நெளிந்தது.

இப்போது அந்தப் பால்கனியில் யாருடைய சைக்கிளோ நிற்கிறது. ஆன்ட்டி வேறு ஊருக்குப் போய்விட்டார். தட்டு மட்டும் என் காலேஜ் அறையில், மேஜைமேல் சரியாக உட்காராமல் ஆடுகிறது. அதில் சாப்பிடும்போதெல்லாம் ஆன்ட்டி சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். முதல் ஒன்பது நாளும் அங்கிளுக்குப் பின்னால் தெரிந்தது தையல் மிஷினும் நீலச் சுவரும்தான். அதே போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டிக்கும் அது தெரியும்.