ஏசாயா வீட்டில் முடியாமல் நின்ற பஸ்கா

செய்தி வந்தபோது நான் ஏசாயாவின் வீட்டில், அவருடைய அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். வெளியே ஐப்பசி மழை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம்.

"அண்ணாத்த பூட்டாரு சார். காத்தாலியே பூட்டாராம்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "நீங்க இன்னா சார் தேடிக்கினு கீறீங்க?"

நான் தேடியது ஒன்பது வருடங்களுக்கு முன் ஒளித்து வைக்கப்பட்ட பாதிச் சப்பாத்தி. இதைச் சிரிக்காமல் கேட்கக்கூடியவர்கள் ஏசாயாவை அறிந்த நம் சபையார் மட்டுமே. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

திருமழிசை எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் அவர் பிரஸ் ஆபரேட்டர், நான் ஸ்டோர்கீப்பர். நம் சபைக்கு நான் செயலாளர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் ஏழுமலையாகப் பிறந்தவர். அப்பா பாரிவாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவி மரகதத்தோடு நம்மிடம் ஞானஸ்நானம் பெற்று ஏசாயா ஆனார். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டி வேதம் படிக்கக் கற்றவர் என்பதால் அவருக்கு எதையும் தாண்டிப் போகத் தெரியாது. நாமெல்லாம் பண்டிகைச் சட்டங்களை அடுக்குகிற லேவியராகமம் வந்தால் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவோம். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நடந்த ஒரு வீட்டுக் கூட்டத்தில், இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்கள் பழைய பண்டிகைகளை எப்படி ஆசரிக்கிறார்கள் என்று யாரோ பேசியதைக் கேட்டு வந்தார். கையில் சைக்ளோஸ்டைல் எடுத்த சிறு புத்தகம். மறு வருடம் பங்குனியில், சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் பாக்ஸிலிருந்து இட்லி எடுத்துக் கொடுத்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த வாரம் வேணாம் சார். புளிச்ச மாவு ஊட்லயே இருக்கக்கூடாதுன்னு போட்டுக்கீது. மரகதம் இட்லிப் பானையைக் கழுவிப் பரண்மேல ஏத்திட்டா."

"அதெல்லாம் யூதருக்குச் சொன்னதய்யா" என்றேன்.

"நம்ம ஆண்டவரு யாரு சார்?" என்று கேட்டுவிட்டுத் தயிர்கூட இல்லாத வெறும் சோற்றைப் பிசைந்தார். எனக்குக் கோபம் வந்தது. செயலாளரிடம் கேட்கிற கேள்வியா அது?

அடுத்த பங்குனி பௌர்ணமிக்கு நான்கு குடும்பங்களைக் கூட்டித் தன் வீட்டிலேயே பஸ்கா என்கிற அந்த யூதப் பண்டிகைப் பந்தியை வைத்தார். கமிட்டி என்னை வேவு பார்க்க அனுப்பியது. அவரோ என்னை விருந்தாளி என்றே நினைத்தார். தரையில் பாய். கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து. எகிப்திலிருந்து ஜனங்கள் புறப்பட்ட கதையை எழுத்துக்கூட்டி வாசித்தார். வெள்ளைத் துணிக்குள் புளிக்காத அப்பம் மூன்று, அதாவது சப்பாத்தி. நடுவில் உள்ளதை எடுத்து இரண்டாகப் பிட்டார். "இது குமாரன். உடைக்கப்பட்டாரு, துணி சுத்துனாங்க, மறைச்சு வச்சாங்க, திரும்ப வந்தாரு" என்றார். அந்தப் பாதியைத் துணியில் முடிந்து மரகதத்திடம் கொடுத்தார்.

வழக்கப்படி ஒளித்ததைப் பிள்ளைகள் தேட வேண்டும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் மரகதம் ஒளிப்பார், ஏசாயா தேடுவார். "ஒரே ரூம்ல எங்க சார் ஒளிப்பா?" என்று சொல்லிக்கொண்டே நாற்பது வயது மனுஷன் பாயைத் தூக்கிப் பார்க்கிறார், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். மரகதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் அது என் தோள்பைக்குள் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தத் துண்டை ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டால்தான் பந்தி முடியும், அதுவரை யாரும் எழக்கூடாது என்றார். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் கமிட்டிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சாப்பிட்டதை மட்டும் எழுதவில்லை. ஏசாயாவின் பெயரும் மரகதத்தின் பெயரும் சபைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நான்கு குடும்பங்களும் பயந்து விலகின. அதற்கடுத்த பங்குனியில் அவர்கள் இருவர் மட்டும் பஸ்காவுக்கு உட்கார்ந்தார்கள்.

மரகதத்துக்கு மூச்சிரைப்பு உண்டு. அன்று சாயங்காலம் துண்டை ஒளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். ஏசாயா தேட எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ பிடித்து ஓடினார். விடியுமுன் முடிந்துவிட்டது.

பிறகு நடந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள், பலர் மறந்திருப்பீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் அப்போதைய போதகர். பண்டிகையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். 'இனி யூதப் பண்டிகை எதையும் எவ்விடத்திலும் ஆசரிக்கமாட்டேன் என்று தேவன் முன்னிலையில் உறுதி கூறுகிறேன்.' அந்த 'எதையும் எவ்விடத்திலும்' போதகர் கேட்டதல்ல. என் கெட்டிக்காரத்தனம்.

பங்குனி வெயிலில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மரகதம் கிடக்க, டிரங்குப் பெட்டிமேல் தாளை வைத்து ஏசாயா அதைப் படித்தார்.

"எதையும்னு போட்டுக்கீறீங்களே சார்."

"ஆமாம்."

"சரி, குட்ங்க" என்று பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டு முடிக்க அவருக்கு எப்போதும் நேரமாகும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடத்தில் போதகர் மாற்றலாகிப் போனார். புதியவர் கோப்புகளைப் புரட்டும்போது இந்தத் தாளைக் கண்டு முகம் சுளித்தார். "துக்க வீட்டில் வாங்குகிற கையெழுத்தா இது? அந்த மனுஷனைக் கூப்பிட்டு, இது செல்லாது என்று சொல்லிக் கிழித்துப் போடுங்கள்" என்றார். சரி ஐயா என்று தாளை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

நான் சொல்லவில்லை. முதல் மாதம் வெட்கமாக இருந்தது. செல்லாது என்றால், அன்று எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்பாரே? பிறகு வேறு வேலைகள் வந்தன. அதன்பின், அவர் ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்வதைப் பார்க்க எனக்கு வசதியாகவே இருந்தது. அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் பௌர்ணமிக்கு முந்தின நாட்களில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், எஸ்டேட் கூரைகளுக்கு மேல் வளர்கிற நிலாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார். நான் பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எட்டுப் பங்குனி அப்படிப் போயிற்று.

இந்த ஐப்பசியில் இரண்டு சிறுநீரகமும் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். கால் வீங்கி, குரல் உள்ளே போயிருந்தது. எதை எதையோ பேசிக் கடைசியில் சொன்னார்.

"மரகதம் அன்னிக்கு எங்க ஒளிச்சான்னு இன்னும் தெர்ல சார். நான் தேடல. தேடுனா அது பண்டிகை ஆய்டுமே. தேவன் முன்னாலன்னு கையெழுத்துப் போட்டுக்கீறேன். ஆனா பந்தி முடியவே இல்ல பாருங்க. நான் பாதில எழுந்துட்டேன்."

என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தத் தாள் செல்லாது, புதுப் போதகர் வந்ததுமே கிழிக்கச் சொல்லிவிட்டார், நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு வருசமா சார்?" என்றார். அவ்வளவுதான்.

நான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே, "தலகாணிக்கு அடியில சாவி கீது. போய்த் தேடி எட்தாங்க சார். நான் படுத்துகினே சாப்பிட்றேன்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாரிவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பாய்க்கு அடியில், டிரங்குப் பெட்டியில், அலமாரிக் காகிதத்துக்குக் கீழே, அரிசிப் பானையில். அப்போதுதான் கன்னியம்மா வந்தார்.

கன்னியம்மா தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தேடினேன். இனி எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பரண்மேல் இட்லிப் பானை கவிழ்த்தபடி இருந்தது. அந்த வாரம் யாரும் தொடாத பாத்திரம். மனைவி போனபின் தனியாக வாழ்ந்தவர் இட்லிக்கு மாவு ஆட்டவா போகிறார்? அந்தப் பானை ஒன்பது வருடமாக இறங்கவே இல்லை. நிமிர்த்தினேன். வெள்ளைத் துணி, பழுத்துப்போய், முடிச்சு அவிழாமல் இருந்தது. தொட்டால் உள்ளே தூள் நகர்ந்தது.

நான் அதை அவிழ்க்கவில்லை. மரகதத்தின் பக்கத்தில் ஏசாயாவை வைத்தபோது, அவருடைய வலது கைக்குள் அந்த முடிச்சை வைத்தேன். அது என்ன என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஜெபத் துணி என்று சொல்லி மழுப்பினேன். அதுவும் பொய்.

கடிதம் என்னிடம் இருக்கிறது. இனி அதைக் கிழிக்கப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தத் தாளும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்ட ஒரு கேள்வியும்தான். அன்று நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கே, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

ஆமாம் ஏசாயா. எட்டு வருடம்.