வெளியே நின்று வாங்கிய மாடு

மாடு வாங்கப் போனால் நான்கு காம்பையும் தனித்தனியாகப் பீய்ச்சிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பால் சொசைட்டியில் சேர நினைக்கும் பெண்களுக்காக கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் குடிபாலாவில் ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். எங்கள் காலனியிலிருந்து ஆறு பேர் போனோம். பத்தாவது பாஸ் பண்ணியவள் நான் ஒருத்திதான் என்ற மிதப்பில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வகுப்பு எடுத்தவர் டாக்டர் இல்லை, கம்பவுண்டர். ஒரு ஜெர்சி கிராஸ் மாட்டை வேப்பமரத்தில் கட்டிவைத்துக்கொண்டு சொன்னார்: "மூஞ்சியப் பாத்து மாடு புடிக்காதீங்கம்மா, பொண்ணா பாக்கப் போறீங்க? கைய வெச்சி மடியப் பாருங்க." கறந்து முடித்ததும் மடி துணிபோல் தொங்க வேண்டும், கறந்த பிறகும் கெட்டியாக இருந்தால் அது பால் இல்லை, நோய். ஒவ்வொரு காம்பின் முதல் பீய்ச்சலையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் கறந்து காட்டுவதை நம்பக் கூடாது, சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை நம் கையாலேயே கறக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கம்பவுண்டர் கேள்வி கேட்டபோது எனக்கு முன்னால் யாரும் வாய் திறக்க நான் விடவில்லை.

எனக்கு அவ்வளவு அக்கறை இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கார்மென்ட்ஸ் கம்பெனிகள் ஆள் கேட்டன. சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியும் பக்கெட்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். என்னோடு படித்த இரண்டு பேர் போய்விட்டார்கள். தீபாவளிக்கு வந்தபோது ஒருத்தி மெலிந்திருந்தாள், ஒருத்தி கைப்பையோடு வந்தாள். எங்கள் ஊரில் வேர்க்கடலை இரண்டு வருஷம் காய்ந்துபோயிருந்தது, களை எடுக்கவும் ஆள் கூப்பிடவில்லை. "அவளும் போவட்டும், இங்க இருந்துகினு இன்னா பண்ணப் போறா" என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தாள். எனக்குப் போக மனசில்லை. சித்தூர் காலேஜில் இன்டர், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும், சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஆசையை வளர்த்து வைத்திருந்தேன். வீட்டை விட்டு இருக்கவும் பயமாக இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, நைனாவிடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா மாம்பழக்கூழ் கம்பெனியில் இரண்டு சீசன் நின்று கூடை தூக்கிச் சேர்த்ததை எடுத்தார். "ஒரு மாடு புடிச்சிடலாம்மா. மாடு ஒழுங்கா நின்னு பால் ஊத்திச்சின்னா நீ எங்கியும் போவ வாணாம். காலைல பால ஊத்திட்டு நீ பாட்டுக்கு காலேஜிக்குப் போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆக என் தலையெழுத்தே ஒரு மாட்டின் மடியில் வந்து நின்றது.

அதுவரை எங்களுக்கென்று ஒரு மாடு இருந்ததில்லை. பிறர் மாடு இருந்திருக்கிறது. வாரத்துக்கு வளர்ப்பது என்பார்கள். ஊருக்குள் இருப்பவர்கள் கிடாரிக் கன்றைக் கொடுப்பார்கள், நாங்கள் புல் அறுத்துப் போட்டு வளர்க்க வேண்டும். சினைப்பட்டு ஈனுகிற நேரத்தில் மாடு அவர்கள் கொட்டகைக்குப் போய்விடும், எங்களுக்குரிய பங்கை ஏதோ போட்டுக் கொடுப்பார்கள். சாணி எங்களுக்கு, சீம்பால் அவர்களுக்கு. இதை அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு எரியும்.

பலமனேர் சந்தைக்குப் போகலாம் என்றேன். நைனாவுக்குத் தரகர்கள் என்றாலே கிலி. துண்டுக்குள் விரலைப் பிடித்து அவர்கள் பேசும் விலை நமக்குப் புரியாது, ரெண்டு வேளை கறக்காமல் மடியைப் பெருக்கவைத்துக் கொண்டுவந்து தலையில் கட்டிவிடுவார்கள் என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வீட்டில் மாடு விற்கிறார்கள் என்று செய்தி வந்தது.

பெரிய வீடு என்பது பக்கத்து ஊரில் நைனா எட்டு வயசிலிருந்து கல்யாணம் ஆகும்வரை பண்ணையில் வேலை செய்த வீடு. தெலுங்கு பேசுகிறவர்கள். பெரியவர் இறந்துவிட்டார். ஒரு மகன் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில், இன்னொருவன் அமெரிக்காவில். பெரியவரின் மனைவியான அந்த அம்மா மட்டும் தனியாக இருந்து, கடைசியில் மகன் வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்து ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். "அங்க ஏமாத்த மாட்டாங்க" என்றார் நைனா. போகும் வழியெல்லாம் நான் கம்பவுண்டர் சொன்ன பாடத்தை அவருக்கு ஒப்பித்துக்கொண்டே போனேன். "நீ சும்மா நில்லு நைனா, நா பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவர் சிரித்தார். அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். புதுக் கயிறு ஒன்றைச் சுற்றித் தோளில் போட்டிருந்தார்.

சாயங்காலம், கறக்கும் நேரம். கொட்டகை வீட்டுக்குப் பக்கவாட்டில், ஓடு போட்டு, சிமெண்டுத் தரையோடு இருந்தது. மாடு கறுப்பும் வெள்ளையுமாக, ரெண்டாம் ஈத்து, பார்க்க லட்சணமாக நின்றது. அந்த அம்மா கையில் பாத்திரத்தோடு வந்தார். எங்களைப் பார்த்து, "ராண்டி, லோபலிகி ராண்டி" என்றார். அப்புறம் எனக்காகத் தமிழில், "உள்ள வாங்கம்மா. நீங்களே கறந்து பாருங்க" என்றார்.

நைனாவை அந்த வீட்டில் யாரும் 'ராண்டி' என்று மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. வாடா போடாதான். அதைக் கேட்டதும் அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார். தோளில் இருந்த கயிறு இடுப்புக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்னால் போதும் அம்மா, நாங்கள் எதற்குப் பார்க்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். அந்தத் தெலுங்கை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பேசும் நைனாவின் குரலே இல்லை அது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நீயாவது வா என்பதுபோல் பாத்திரத்தை நீட்டினார். கொட்டகை வாசலில் ஒரு கல் இருந்தது, ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதைத் தாண்டினால் மாடு. நோட்டில் எழுதியது எல்லாம் மனசில் வரிசையாக இருந்தது. நைனா என்னைத் தடுக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. "நீங்களே கறங்கம்மா" என்று நான்தான் சொன்னேன்.

அவர் மாட்டுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கறந்தார். எங்களுக்குத் தெரிந்தது மாட்டின் வயிறும் அவருடைய முதுகும்தான். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. நுரையோடு கொண்டுவந்து அளந்து காட்டினார். நாங்கள் எதிர்பார்த்ததற்குக் குறையவில்லை. அவர் சொன்ன விலைக்கு நைனா சரி என்றார். மாடு விற்பவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், வாங்குகிறவர் கொண்டுவந்த கயிற்றைக் கட்டித்தான் ஓட்டிவிடுவார்கள். அந்த அம்மா புதுக்கயிற்றை மாட்டி, முனையை நைனாவிடம் நீட்டினார். நைனா இரண்டு கையையும் சேர்த்துக் கீழே ஏந்திக்கொண்டு, மேலிருந்து போடுவார்கள் என்று காத்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு முகம் சுருங்கி, கயிற்றை மேலிருந்தே அவர் கையில் போட்டார். மறுநாள் காலையில் வந்து இன்னொருமுறை கறந்து பார்க்கலாம் என்ற பேச்சே எழவில்லை. இருட்டுவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் முதல்முறை மடியில் கை வைத்தது நான். பின்பக்கத்து இடது காம்பில் பால் வரவில்லை. இழுத்தேன், தடவினேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இடம் மாறியதில் மாடு மிரண்டிருக்கும் என்று அம்மா சொன்னாள். அப்படித்தான் என்று நானும் நம்பப் பார்த்தேன். பத்து நாளில் பக்கத்துக் காம்பிலும் பால் திரிதிரியாக வரத் தொடங்கியது. சொசைட்டியில் எங்கள் பாலைத் தனியாக ஒதுக்கி வைத்து, நாளைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள்.

கம்பவுண்டரைக் கூட்டிவந்தோம். மடியை ஒருமுறை அழுத்தியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பக்கம் போன ஈத்துலயே செத்துப் போயிருக்குது. கல்லு மாரி இருக்குதே, தொட்டுப் பாக்கலியா?" என்றார். "நீ அன்னிக்கி கிளாஸ்ல முன்னாடி உக்காந்துகினு இருந்த பொண்ணுதானே?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். ஊசி போட்டார், மருந்து எழுதினார், பரவியதை நிறுத்தினார். செத்துப்போன பக்கத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார்.

"போய்க் கேட்டுட்டு வா" என்று அம்மா நைனாவை விரட்டினாள். "அவங்களாண்ட போயி நா எப்பிடிக் கேக்கறது" என்றார் அவர். கோபத்தில் நான் தனியாகப் போனேன். பெரிய வீட்டில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வெளியே வந்தார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"உள்ள வந்து பாருன்னு கூப்ட்டேனேம்மா. கை வெச்சா தெரிஞ்சிடும், கொறச்சி கேப்பீங்க, குடுத்துடலாம்னுதான் இருந்தேன். உங்க நைனா ஒரு வார்த்தை பேசல. நீயும் வரல" என்றார். வாங்கிய விலையில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். சொல்லாமல் விற்றது தப்புதான், அதை நான் இன்றும் தப்பு என்றே சொல்வேன். ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவ்வளவு கத்தும்போதும் நான் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். கேட் திறந்தே இருந்தது. அவர் நீட்டியதை வாங்காமல் திரும்பி நடந்தேன். அந்த வீறாப்பால் யாருக்கு என்ன லாபம் என்று அம்மா ஒரு வாரம் திட்டினாள். அவள் திட்டியது நியாயம்தான்.

மாட்டை விற்கவில்லை. நோய்மாட்டை இன்னொருத்தர் தலையில் கட்ட நைனாவுக்கு மனசு வரவில்லை. மூன்று காம்பில் வந்த பால் தீவனத்துக்கும் வீட்டுக்குமே சரியாகப் போனது. பொங்கல் கழிந்தது. இன்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் பெட்டியை எடுத்துத் துடைத்தபோது அம்மா மட்டும், "சோப்பு வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நைனா வந்தார். காலைநேரம், பெங்களூர் பஸ் இன்னும் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கியதைக் குடிக்கவில்லை. என் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்னாலதாம்மா நீ போற. அவங்க உள்ள வான்னு கூப்ட்டாங்க. எனக்குக் காலு வரல. நா உள்ள போயிருந்தா உனக்கு இந்த கதி இல்ல."

அவர் கால் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எட்டு வயசிலிருந்து அந்தக் கொட்டகையைக் கூட்டியவர், ஆனால் கறக்கும் நேரத்தில் வெளியே போய் நிற்க வேண்டியவர். தண்ணீர் கேட்டால் வெளியே நிற்கவைத்துக் கையில் ஊற்றிய வீடு அது. வாசற்படி மிதித்ததற்காக ஒருமுறை முதுகு வீங்க அடிவாங்கியதை அம்மா சொல்லியிருக்கிறாள். என்னை அங்கே யாரும் அடித்ததில்லை. நான் ஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். காம்பைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவளும் நான்தான், பாத்திரத்தை நீட்டியதும் என்னிடம்தான். 'எனக்கும் காலு வரல நைனா' என்று சொன்னால் போதும். அதைக் கேட்டிருந்தால் அவர் அந்த டீயைக் குடித்திருப்பார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. பெங்களூர் மேல், மாட்டின் மேல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்ற அவர் மேல். என் மேல் இருந்ததையும் சேர்த்து அவர் மேலேயே போட்டேன்.

"ஆமா நைனா" என்றேன். "நீ போயிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். நியாயமான பேச்சுக்கு ஆட்டுவது போலத்தான் ஆட்டினார். பஸ் வந்ததும் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தார். ஒரு தடவைகூட நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை.