கூட்டல் டீச்சரின் மாலை வகுப்பு

பேராசிரியர் கையேட்டின் நான்காம் பக்கத்தைப் புரட்டுவதற்குள், இரண்டாம் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கூட்டல் டீச்சர் மூன்றாம் பக்கத்தில் ஐந்து தவறுகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு முடித்திருந்தார். எழுத்துப்பிழை மூன்று. பாதியில் மூச்சு நின்றுபோன வாக்கியம் ஒன்று. நூறு வரவேண்டிய அட்டவணையில் சதவீதங்களைக் கூட்டினால் நூற்று நான்கு வந்தது. ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தார். அதற்குப் பிறகுதான் இது தமக்குக் கொடுத்த பாடம், தாம் திருத்தவேண்டிய நோட்டு அல்ல என்பது நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு பேனாவை மூடினார். ஆறாம் பக்கத்தில் மறுபடி திறந்தார்.

வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்தாறு வருடத்தைக் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழித்தவர். கையில் கணக்குப் பட்டம் ஒன்று உண்டு. சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்கான சான்றிதழ் கிடையாது. இந்தக் குறையை இருபத்தாறு வருடம் கழித்து ஒரு சுற்றறிக்கை கண்டுபிடித்தது. ஆற்றை நீந்திக் கடந்து அக்கரையில் தலை துவட்டிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்பது மாதிரிதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“உங்கள விட நல்லா யாரு கணக்கு எடுக்கறாங்க மிஸ்? ஆனா பேப்பர் வேணுமே,” என்றார் தலைமையாசிரியை. டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். பள்ளி திறப்பதற்குள் சான்றிதழ் வந்தால் ஏழாம் வகுப்பு டீச்சருக்கு. வராவிட்டாலும் வேலை போகாது, இரக்கமுள்ள நிர்வாகம். மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்குச் சாக்பீஸ் பெட்டி எடுத்துக்கொடுக்கலாம்.

“உக்காந்த எடத்துல வேலை மிஸ். காலுக்கும் நல்லது.”

கால் வலிக்கிறது என்று டீச்சர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே இந்தக் கோடையில் வாரத்துக்கு நான்கு நாள், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, பல்கலைக்கழகக் கல்வியியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் மாணவி. வகுப்பில் முப்பத்தொரு பேர், முப்பத்தொருவரும் ஆசிரியர்கள். இதைவிட அடங்காத வகுப்பை எந்தப் பள்ளியும் கண்டிருக்காது. தாமதமாக வருகிற மாணவனை வெளியே நிறுத்திய பெருமக்கள் ஐந்தேகாலுக்கு முதுகை வளைத்து பின்வாசல் வழியே நுழைந்தார்கள். செல்போன் பறிமுதலில் பேர்போன இயற்பியல் ஆசிரியர் மேசைக்கடியில் செல்போனில் காய்கறி லிஸ்ட் படித்தார். கடைசி பெஞ்சுக்கு நாலரை மணிக்கே துண்டு போட்டாயிற்று. “புரியுதா?” என்று பேராசிரியர் கேட்டால், “புரியுது சார்” என்று முப்பத்தொரு குரலும் ஒரே சுருதியில் எழுந்தன. வாழ்நாள் முழுக்க அந்தப் பதிலை ஒரு தடவைகூட நம்பாதவர்கள் அத்தனை பேரும்.

பேராசிரியர் நல்லவர். ‘மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தல்’ என்ற தலைப்பில், மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையில் இருப்பதை இரண்டரை மணிநேரம் வாசிப்பார். குழந்தைகளுக்குப் பாடம் எடுத்து நாளாகிவிட்டது என்று ஒருமுறை அவரே சொன்னார். எத்தனை நாள் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

கூட்டல் டீச்சர் என்ற பட்டப்பெயர் அவருடைய பள்ளியின் ஆசிரியர் அறையில் பிறந்தது. மற்றவர்கள் திருத்திய விடைத்தாள் எதுவாக இருந்தாலும் அவர் கைக்கு வந்து மறுகூட்டல் ஆகாமல் மாணவன் கைக்குப் போகாது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை, பத்துப் பத்தாகச் சோடி சேர்த்து மூன்றாவது தடவை. தப்பாக இருந்தால் மொத்தத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் சரியான எண், அதன் பக்கத்தில் திருத்தியவரின் இனிஷியல். அந்த இனிஷியல் இல்லாமல் விடமாட்டார். “கையெழுத்து இருந்தா திருத்தம், இல்லன்னா கிறுக்கல்,” என்பார். விலங்கியல் டீச்சர் ஒருமுறை பிரசவ விடுப்பில் போயிருந்தபோது மருத்துவமனைக்கே போய் இனிஷியல் வாங்கிவந்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. “கொழந்தையையும் பாத்த மாதிரி ஆச்சு,” என்று மட்டும் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே ஒரு மார்க்கில் தேறாமல் நிற்கிற தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்காருவார். விடை தப்பாக இருந்தாலும், எங்காவது ஒரு வரியில் பையனோ பெண்ணோ நிஜமாகவே மல்லுக்கட்டியிருக்கிறார்களா என்று தேடுவார். இருந்தால் அந்த வரிக்கு நேரே ‘+1, முயற்சிக்கு’. இல்லாவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, கிடையாது. அதைக் கருணை மார்க் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும்.

“கருணையெல்லாம் கடவுள் டிபார்ட்மென்ட். இது அவன் உழைச்ச கூலி.”

படிப்பின் கடைசிச் சடங்கு, ‘மாதிரி வகுப்பு’. நாற்பது நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். மற்ற முப்பது பேரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். பேராசிரியர் பின்னால் உட்கார்ந்து பத்துத் தலைப்பில் பத்துப் பத்து மார்க் போடுவார். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. இதற்குப் பாடக்குறிப்பு என்று ஒன்று எழுத வேண்டும். ஆர்வமூட்டல் ஐந்து நிமிடம், விளக்கம் பன்னிரண்டு, கேள்வி நான்கு என்று நிமிடக் கணக்கு. டீச்சர் அதை நான்கு தடவை எழுதினார். கூட்டினால் சரியாக நாற்பது வந்தது. அந்த அளவில் அவருக்குத் திருப்திதான்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஏழாம் வகுப்பாக உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆர்வமூட்டல் ரெண்டு நிமிஷம் லேட்டு.”

“இது பஸ் இல்லீங்க, பாடம்.”

“பஸ்ஸோ பாடமோ, எடுக்க வேண்டிய நேரத்துக்கு எடுத்துரணும்.”

“ஏறாதவங்க?”

“அடுத்த வண்டில வருவாங்க.”

“என் ரூட்டுல அடுத்த வண்டி கெடையாதுங்க,” என்றார் டீச்சர். டைம் கீப்பர் சற்று யோசித்துவிட்டு, எந்தப் பதிவேட்டிலும் இப்படி ஒரு ரூட் இல்லை என்பதால், ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்தார். ஆனால் மாதிரி வகுப்பன்று உடுத்த வேண்டிய உடைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக்கொடுத்தது அவர்தான்.

டீச்சர் எடுத்துக்கொண்ட பாடம் பின்ன வகுத்தல். பக்கத்து இருக்கைக்காரரான பி.டி. மாஸ்டருக்குப் பேராசிரியர் ஒரு வேடம் ஒதுக்கியிருந்தார்: மெதுவாகக் கற்கும் மாணவன்.

“முப்பது பேர்ல என்னையத்தான் புடிச்சாரு பாருங்க அக்கா. நெத்தியில எழுதி ஒட்டிருக்கா?” என்று மாஸ்டர் முன்கூட்டியே வருத்தப்பட்டார்.

பாடம் டைம் கீப்பரே மெச்சும்படி கிளம்பியது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் டீச்சர் பலகையில், ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்று எழுதித் திரும்பினார். “புரியுதா?” வழக்கமான கோரஸ். கோரஸில் ஒரு வாய் அசையவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார். இருபத்தாறு வருடப் பார்வை.

“மாஸ்டர், நீங்க சொல்லுங்க.”

மாஸ்டர் எழுந்தார். “வகுத்தா கொறையணும்ல மிஸ்? ஆறு எப்படி பன்னெண்டாச்சு?”

வகுப்பு சிரித்தது. நடிப்பு அருமை என்று இயற்பியல் ஆசிரியர் மேசையைத் தட்டினார். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். வருடத்துக்கு நாலு பேராவது அந்த முகத்தோடு அவர் முன்னால் எழுந்து நிற்பார்கள். இது வேடம் இல்லை. இந்த மனிதர் முப்பது வருடமாக இந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு “புரியுது சார்” சொல்லி வந்திருக்கிறார்.

பாடக்குறிப்பில் இந்த இடத்துக்கு மூன்று நிமிடம். டீச்சர் ஒரு தாளை மடித்துக் கிழித்துக் காட்டினார். மாஸ்டர் தலையாட்டினார். “தலைய ஆட்டாதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க.” “புரியல மிஸ்.” பலகையில் ஆறு வட்டம் போட்டு ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினார். “எண்ணுனா பன்னெண்டு வருது மிஸ். ஆனா அது வெட்டுனது. வகுத்தது எங்க?” கேள்வி நியாயமானது. வகுப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது. இரண்டொருவர் தங்களுக்கும் அது தெரியாது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி பலகையை உற்றுப் பார்த்தார்கள். டீச்சர் அவர் பெஞ்சுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் பக்கம் ஒருமுறை கண் போனது. திரும்பி வந்துவிட்டது.

“மாஸ்டர், உங்க மைதானத்துல ரிலே. மொத்தம் ஆறு சுத்து ஓடணும். ஆளுக்கு ரெண்டு சுத்துன்னா எத்தன பேரு வேணும்?”

“மூணு பேரு.”

“ஆளுக்கு ஒரு சுத்துன்னா?”

“ஆறு பேரு.”

“ஆளுக்கு அரைச் சுத்துதான் ஓட முடியும். இப்ப?”

“பன்னெண்டு பே…” மாஸ்டர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. “அட! ஓடுறது கொறைய கொறைய ஆளு கூடுது!”

“கால் சுத்து?”

“இருவத்திநாலு. அரைக்கால்னா நாப்பத்தெட்டு. அக்கா, இத ஏன் எனக்கு யாருமே…” மாணவனாக இருப்பதை மறந்து மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். மணி அடித்தது. படம் வரைந்த சார்ட்டுகள் உருளை அவிழ்க்கப்படாமல் மூலையில் சாய்ந்திருந்தன. முடிவுரை பாடக்குறிப்பிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் முடிவு. பேராசிரியர் முப்பத்தொரு மதிப்பெண் தாள்களை விநியோகித்தார். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக்கொடுக்க வேண்டும். எட்டு மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிடுவார். டீச்சரின் தாளை மாஸ்டர்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

“அம்பத்தொம்போது! பாஸ் அக்கா! கையெழுத்தப் போடுங்க, கீழ போய் டீ சாப்பிடலாம்.”

“இருங்க, கூட்டிப் பாத்துடறேன்.”

“பாஸானதுக்கப்பறம் என்னத்தக் கூட்டறது?”

டீச்சர் மேலிருந்து கூட்டினார். முன்னேற்பாடு மூன்று, ஆர்வமூட்டல் நான்கு, கால அளவு பூஜ்யம், கரும்பலகை எட்டு, குரல் ஒன்பது, கேள்வி கேட்டல் ஒன்பது, வலுவூட்டல் நான்கு, துணைக்கருவி இரண்டு, முடிவுரை பூஜ்யம், உடையும் தோற்றமும் பத்து. இஸ்திரிக்கு முழு மார்க். கீழிருந்து கூட்டினார். சோடி சேர்த்துக் கூட்டினார். மூன்று வழியிலும் நாற்பத்தொன்பதுதான் வந்தது.

இந்த இடத்தில் மனசாட்சி, சபலம் என்று பெரிய போராட்டம் ஒன்றை வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயம். அதற்கு அவகாசமே இருக்கவில்லை. மூன்றாவது கூட்டல் முடிந்த கணத்தில் கை தன் பாட்டுக்கு ஐம்பத்தொன்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டது. பக்கத்தில் 49 என்றும் எழுதிவிட்டது. அதற்கப்புறம்தான் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த அறையும், அதன் சாக்பீஸ் வாசனையும் டீச்சரின் நினைவுக்கு வந்தன.

“ஐயோ அக்கா, என்ன பண்ணிட்டீங்க!” என்றார் மாஸ்டர், வாயைப் பொத்திக்கொண்டு.

“பத்து கூடப் போட்டிருக்காரு மாஸ்டர்.”

“போட்டா போட்டுட்டுப் போறாரு! அவரு கைக்காசா?”

டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தார். ஒரு மார்க்கில் நிற்கிற எந்தத் தாளையும் பார்க்கிற மாதிரியே அதை வரிவரியாகப் பார்த்தார். முன்னேற்பாட்டில் ஒன்றும் தேறவில்லை. துணைக்கருவிக்கு இரண்டு கிடைத்ததே அதிகம். கால அளவு என்ற தலைப்பில், பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பேராசிரியர் பொடியாக எழுதியிருந்தார்: ‘ஒரே மாணவரிடம் பதினெட்டு நிமிடம்.’

அந்த வரியில் விரல் நின்றது. வேறு யாருடைய தாளாக இருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று ஒரு கணம் யோசித்தார். அந்த வரிக்கு நேரே ‘+1, முயற்சிக்கு’ என்று நிதானமாக எழுதினார். 49-க்குக் கீழே 50.

வகுப்பு காலியாகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் வரிசையில் கடைசி ஆளாகப் போய்த் தாளை மேசைமேல் வைத்தார். பேராசிரியர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உதடு அசைய, விரல்விட்டு ஒருமுறை கூட்டினார்.

“ஆமா… பத்து அதிகம். சரி. இந்த ஒண்ணு என்ன மேடம்?”

“அது நான் போட்டது சார். சரியில்லன்னா அடிச்சிருங்க.”

பேராசிரியர் தன்னுடைய பொடி எழுத்தையே கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தார். டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, பிடிக்கிற பக்கம் அவரைப் பார்க்கும்படி திருப்பி நீட்டினார். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல், இரண்டு திருத்தங்களுக்கும் பக்கத்தில் இனிஷியல் விழவேண்டிய இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.