எதிர்மலைக் கண்ணாடி

எனக்கு எண்பது நடக்கிறது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. மூன்றாவது பிள்ளை பால் மறந்த வருடம், நயா பைசா வந்த புதிது, வீட்டுக்காரர் கிணற்று மேட்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார்.

நாமகிரிப்பேட்டையில் கோடை வந்தால் மாடுகளைப் போதமலைக்கு ஓட்டிப்போய்ப் பட்டி போடுவோம். மழை இறங்கியதும் திரும்புவோம். அந்த வருடம் நான் போனேன். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றார் மாமியார். எங்கள் மாட்டை அடுத்தவர் மேய்த்தார் என்ற பேச்சு எனக்கு ஆகாது.

மேலே மாடுகளோடு பேசிப் பேசி, மனிதரோடு பேசுகிற குரலே மறந்துபோன மாதிரி இருந்தது. அப்போதுதான் மலையைப் படம் போடும் சர்வே ஆட்கள் வந்தார்கள். மூன்று கால் நிறுத்தி, அதன்மேல் தூரத்தைக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கோடையிலும் வற்றாத தண்ணீர் எது என்று அதிகாரி கேட்டார். சுனையைக் காட்டி, அது ஓடையாகி இறங்குகிற வழியெல்லாம் கூடவே நடந்தேன். அவர் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கிளம்பும் முன் உச்சியில் கல் குவித்து, வெள்ளைத் துணி கட்டிய கம்பம் ஒன்றை நட்டார்கள்.

"மாடு உரசிச் சாய்ச்சிடாம பாத்துக்கங்கம்மா. எதிர் மலையிலேர்ந்து கண்ணாடியில இதைத்தான் பார்ப்போம்" என்றார் அதிகாரி.

மறுநாளிலிருந்து விடிந்ததும் தலை வாரிக் கொண்டை போட்டு, கம்பத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பட்டியைத் திறப்பேன். காய்ச்சலிலும் போனேன். ஒரு நாள் பிள்ளைகள் நினைப்பில் அழுகை முட்டியது. கண்ணாடியில் தெரியுமே என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, அந்தக் கூட்டத்தோடு முன்பு வந்திருந்த பள்ளிபாளையத்து ஆள் ஒருவர் கம்பத்தைப் பிடுங்க வந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"நான் தெனமும் நின்னது தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்களே. எதுத்த மலையில ஒரே நாள் வேலைங்க, அப்பவே முடிஞ்சு போச்சு. தெரிஞ்சிருந்தாலும் அந்தக் கண்ணாடி எல்லாத்தையும் தலகீழாத்தான் காட்டும், நீங்களும் தலகீழாத்தான் நின்னிருப்பீங்க" என்று சிரித்தார்.

"கம்பம் சாயலீங்கள்ல? அதப் பாக்கத்தான் நின்னேன்" என்றேன்.

அவர் போன மறுநாளும் கொண்டை போட்டேன். கம்பம் இருந்த குழியோரம் நின்றேன். எதிர் மலை வெறும் மலையாக இருந்தது.

அவர்கள் போட்ட படத்தில் அந்த ஓடை நீலக் கோடாக இருக்கிறது என்று பேத்தி எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மனிதர்களை அதில் போடுவதில்லையாம். அதனால்தான் தெரிந்த எழுத்தைக் கூட்டி இதை எழுதி அவளிடம் நீட்டினேன்.

"சாமி, இதச் சத்தமாப் படிச்சுக் காட்டு. நான் அங்க நின்னது தெரியுதான்னு கேக்கறேன்."