முந்திக்கொண்ட கை

எழில்மதி ஆறு வருஷம் வாள்வீச்சு நடுவராக இருந்தாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கணவன் இளம்பரிதி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட ஹாலில் பிள்ளைகள் ஃபாயில் என்ற வாள்வீச்சு வகை ஆடுவார்கள். நடுவராக நிற்க வேறு யாரும் விரும்பி வருவதில்லை.

காரணம் உண்டு. ஃபாயிலில் இருவர் வாளும் பட்டு, குத்து விழுந்ததைக் காட்டும் இரண்டு விளக்கும் எரிந்தாலும் புள்ளி ஒருவருக்குத்தான். கையை நீட்டி முதலில் தாக்க வந்தவருக்கு அது போகும். எதிராளி அந்த வாளைத் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தினால் உரிமை அவர் பக்கம் மாறிவிடும். எல்லாம் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். யார் முந்தினார் என்று விளக்கு சொல்லாது, நடுவர்தான் சொல்ல வேண்டும். பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் யாருக்கும் புள்ளி இல்லை.

எழில்மதி ஒருநாளும் தயங்கியதில்லை. அவள் கை காட்டினால் தோற்ற பிள்ளைகூட மறுத்துப் பேசாது.

2016 ஆகஸ்டில் மாவட்ட அணிக்கான தேர்வு நடந்தது. கடைசி ஆட்டம் நந்தினிக்கும் ஆதிலட்சுமிக்கும். பதினைந்து எடுத்தால் ஜெயம். இருவரும் பதினான்கு புள்ளியில் நின்றபோது இரண்டு விளக்கும் எரிந்தன. எழில்மதி ஆதிலட்சுமி பக்கம் கையைக் காட்டினாள். ஆதிலட்சுமி தேர்வானாள்.

நந்தினியின் அப்பா சிவப்பிரகாசம் செல்போனோடு வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இத ஒரு தடவ பாருங்க."

வீடியோவை மெதுவாக ஓடவிட்டார். திரையில் இரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். எழில்மதியின் வலது கை இடுப்பிலிருந்து ஒரு சாண் உயர்ந்து ஆதிலட்சுமி பக்கம் திரும்பியது. அதற்கப்புறம்தான் ஆதிலட்சுமியின் முன்கால் நகர்ந்தது. எழில்மதிக்குத் தெரிந்து, விளக்கு எரிந்த பிறகு புள்ளி கொடுக்க ஒரு தடவைதான் அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

போட்டியை நடத்தும் பன்னீர்செல்வம் சிரித்தார். "அனுபவம்மா. தோள் அசையறத பாத்துகினே நிக்கற, கை தானா போவுது."

நம்பத்தான் ஆசைப்பட்டாள். வீட்டில் இளம்பரிதியோடு உட்கார்ந்து, பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பழைய ஆட்டங்களைப் பார்த்தாள். ஆறு ஆட்டம். ஆறிலும் கைதான் முதலில். ஒன்றில் ஆடுகிற பெண் இன்னும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள், கை அவள் பக்கம் உயர்ந்துவிட்டது. இளம்பரிதி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"வுடு. இனிமே பாக்காத."

அடுத்த ஞாயிறு பயிற்சியில் ஆதிலட்சுமியைத் தனியாகக் கேட்டாள். "நான் கை தூக்கறது ஒனக்குத் தெரியுதா?"

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சா?"

"கால் தானா முன்னால போயிடும்," என்றாள் ஆதிலட்சுமி, சாதாரணமாக. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

யார் தொடங்கினார் என்று சொல்வதாகத்தானே இத்தனை வருஷம் எழில்மதி நினைத்திருந்தாள்?

ஆதிலட்சுமியையும் நந்தினியையும் எதிரெதிரே நிறுத்தினாள். தன் வலது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஃபென்ஸ்" என்று ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னாள்.

யாரும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. அரை நிமிஷம் போனது, ஒரு நிமிஷம் போனது. பிறகு அந்த இரண்டு கறுப்பு வலை முகங்களும் மெல்லத் திரும்பின. ஒன்றையொன்று பார்க்கவில்லை, அவளைப் பார்த்தன. பிடிக்குள் அவள் வலது கை விடுபடத் துடித்தது.

"ஹால்ட்!" என்று கத்தினாள்.

நந்தினி முகக்கவசத்தைக் கழற்றினாள். வேர்த்துக் கொட்டியது. "என்ன மிஸ், நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?"

எழில்மதி பன்னீர்செல்வத்தை நடுவராக நிற்கச் சொல்லிவிட்டு வெளியே போய், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஹாலுக்கு முதுகு காட்டி நின்றாள். உடனே உள்ளே வாள்கள் மோதுகிற சத்தம் கேட்டது. பன்னீர்செல்வம் தடுமாறி, "தெரியலம்மா, புள்ளி இல்ல," என்றார். அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலமே சிவப்பிரகாசத்தின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். "அந்தப் புள்ளி யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. வேற நடுவர வச்சு மறுபடி ஆடட்டும்."

கடலூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். எழில்மதி அந்தப் பக்கமே போகவில்லை. நந்தினி பதினைந்துக்கு ஒன்பது என்று ஜெயித்தாள். முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழில்மதி நடுவர் வேலையை விட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஆதிலட்சுமி பள்ளி வாசலில் அவளை நிறுத்தினாள். "இதுக்கு முன்னாடி நான் ஜெயிச்சதெல்லாம் யாரு மிஸ் ஜெயிச்சது?"

கேட்டுவிட்டு அந்தப் பெண் தெருப்பக்கம் நடந்தாள். அடுத்த வருஷம் அவள் எப்பே என்ற இன்னொரு வாள்வீச்சு வகைக்கு மாறினாள். அதில் முன்னுரிமை என்ற பேச்சே கிடையாது. இரண்டு விளக்கும் எரிந்தால் இருவருக்கும் புள்ளி.