எட்டாமிடத்து நாலு புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கரம்பொன் பக்கம் சீனவெடி கேட்டதா? கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பிழை என்னுடையது.

கோயில் திருவிழா இல்லை. கலியாண வீடு இல்லை. தேர்தலும் இல்லை. பிறகு எதற்கு வெடி? திங்கட்கிழமை காலையில் பாண் வாங்கப் போன இடத்தில் மட்டும் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குறிப்பு. ‘உங்கள் பத்தியில் திகதி கூட, கதை குறைவு’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; ஊருக்கு இன்றைக்கும் ‘மாஸ்ரர்’. திகதி முத்திரை குத்திக் குத்தியே வந்த வியாதி அது. வாசகரின் நன்மைக்காக இந்த வாரம் திகதி ஒன்றும் இல்லை. எல்லாம் கொப்பியில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் குலேந்திரனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊர்காவற்றுறை – யாழ்ப்பாணம் பஸ்ஸை, எங்கள் தீவை நகரத்தோடு இணைக்கிற பண்ணைப் பாலத்தால் ஓட்டுகிறவர். குலம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தங்கச்சி ஜெர்மனியில். தங்கச்சியின் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. அந்தப் பிள்ளை கார்ப் பந்தயம் ஓடுகிறாள்.

சும்மா கார் இல்லை. ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, நாலு சில்லும் உடம்புக்கு வெளியே நிற்கிற கார். ஜெர்மனியிலும் அயல்நாடுகளிலும் மாறி மாறி நடக்கிற இளையோர் தொடர் ஒன்றில் இந்த வருடம்தான் சேர்ந்தாள்.

குலத்தின் மனைவி வசந்தி முதல் நாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பக்கத்தில ஒராளை ஏத்த ஏலாது. ஒரு பை அரிசி வைக்க இடமில்லை. உதுவும் ஒரு வாகனமே?”

“நீர் பேசாம இரும்” என்றார் குலம். “என்ர பஸ்ஸில நூறு பேரை ஏத்திறன். அதுக்கு ஆரும் கோப்பை தரயில்லைத்தானே?”

அன்றிலிருந்து குலத்தின் வீட்டு விறாந்தை பந்தயத் திடலாகிவிட்டது. விளையாட்டுக் கழகச் செயலாளர் நிமலன் தன் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துத் தருவார். வர்ணனை ஜெர்மன் மொழியில். ஒரு சொல் விளங்காது. ஆனால் கத்துவதற்கு மொழி எதற்கு?

கணக்கு வைக்கிற வேலை என்னிடம் வந்தது. கேட்டு வாங்கினது என்றுதான் சொல்ல வேண்டும். தபால் கந்தோரில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டிக்கு வருடா வருடம் புள்ளி மேசையில் இருந்தவன் நான். ஒரு புள்ளி பிசகினதில்லை. புதுக் கொப்பி ஒன்று வாங்கி, சிவப்புப் பேனையால் கோடு கீறினேன். ஏழு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஓட்டம், மொத்தம் பதினான்கு. தொடரின் இணையத்தளத்தில் விதிமுறைப் புத்தகம் ஆங்கிலத்திலும் இருந்தது. இறக்கினேன். ஓட்ட அட்டவணையைப் பிரதி பண்ணினேன். எத்தனையாம் இடத்துக்கு எத்தனை புள்ளி என்ற பக்கத்தையும் பிரதி பண்ணினேன். மிச்சத்தை... பிறகு வாசிக்கலாம் என்று வைத்தேன்.

நாள் முழுக்க எதையாவது வாசிக்கிற மனுசன் நான். மருந்துப் போத்தலோடு வருகிற துண்டைக்கூட விடுவதில்லை. இதை மட்டும் விட்டேன். தளத்தில் இருந்த புள்ளி நிலவரத்தையும் பார்க்கவில்லை; என் கொப்பி இருக்க அது எதற்கு?

ஆரணி முதல் சுற்றிலேயே மூன்றாவதாக வந்தாள். இரண்டாம் சுற்றில் ஒரு வெற்றி. அவளோடு ஓடினவர்களில் ஒரு ஒஸ்திரியாப் பையன் எல்லாரிலும் வேகம். வென்றால் அவன் வெல்லுவான், இல்லாவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் இடிப்பான். அவனுக்கு இரண்டு ஓட்டத்தில் பூச்சியம். ஒருதரம் மோதல், ஒருதரம் எஞ்சின். எங்கள் பிள்ளைக்கு ஒரு ஓட்டத்திலும் பூச்சியம் இல்லை.

அதிலும் ஐந்தாம் சுற்று! நல்ல மழை. முதல் வளைவிலேயே ஆரோ இடித்து, முன் இறக்கையில் ஒரு பக்கம் உடைந்து பறந்துவிட்டது. கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. சில்லுகள் கிளப்பும் தண்ணீர்ப் புகாருக்குள் முன்னால் போகிறவனின் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

குலம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். கை இரண்டும் காற்றில் ஸ்டியரிங் பிடிக்கிறது.

“இழுக்குது... இழுக்குது... பிடிச்சிருக்கிறாள் பாருங்கோ மாஸ்ரர்! பண்ணைப் பாலத்தில சோளகக் காத்து அடிக்கேக்கை நான் பிடிக்கிற மாதிரியே பிடிச்சிருக்கிறாள்!”

“காலை எடுங்கோ” என்றார் வசந்தி. “ஸ்டூலை உழக்கி உழக்கி உடைக்கப் போறியள். அங்கை பிரேக் இல்லை.”

எட்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தாள். நாலு புள்ளி. அவள் வென்ற நாளைவிட அன்றுதான் குலம் அதிகம் சந்தோசப்பட்டார். அடுத்த நாள் பஸ்ஸில் ஏறினவர்களுக்கெல்லாம் அந்த நாலு புள்ளியின் கதை இலவசம். அடுத்த சுற்றில், கடைசி வரிசையில் இருந்து புறப்பட வேண்டி வந்து, ஏழாவதாக முடித்தாள். ஆறு புள்ளி. இரண்டையும் நான் அழகாக எழுதிக் கூட்டினேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நிலவரம் என்ன, எத்தனை புள்ளி வேண்டும் என்று?

கேட்க முடியாது. குலத்தின் தங்கச்சி முதலிலேயே சொல்லிவிட்டார்: “அண்ணை, கடைசி ஓட்டம் முடியுமட்டும் அவள் வெல்லுறாளோ தோக்கிறாளோ எண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. கண்ணூறு பொல்லாதது.” ஆகவே கிழமைக்கு ஒருதரம் வருகிற அழைப்பில் காலநிலை கதைப்பார்கள், கறி கதைப்பார்கள், சொந்தக்காரரின் பிரஷர் கதைப்பார்கள். புள்ளி மட்டும் கதைக்கமாட்டார்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு விதி தெரியும். எங்களுக்குத் தெரியாது. நடுவில் கண்ணூறு.

கடைசிச் சுற்று வந்தது. சனிக்கிழமை ஓட்டம் முடிய, என் கொப்பியின்படி ஆரணி பன்னிரண்டு புள்ளி முன்னுக்கு. மிச்சம் ஞாயிறு ஓட்டம் ஒன்றுதான். நான் எழும்பி நின்று அறிவித்தேன்:

“பையன் வெண்டாலும் பரவாயில்லை. பிள்ளை ரெண்டாவதா வந்தாக் காணும். அஞ்சு புள்ளியால சாம்பியன்.”

“வடிவாப் பாத்தியளோ மாஸ்ரர்?” என்று கேட்டார் நிமலன்.

“மூண்டுதரம் கூட்டினனான்” என்றேன். கூட்டினது உண்மை. கூட்டலில் பிழையும் இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் நிமலன் வெடி வாங்கினார்.

ஞாயிறு பின்னேரம் விறாந்தை கொள்ளாத கூட்டம். வசந்தி கேசரி கிண்டி வைத்திருந்தார். பையன் முன்னுக்கு, ஆரணி அவனுக்குப் பின்னால் ஒட்டினபடி இரண்டாவது. பன்னிரண்டு வருடமாகப் புகைக்காத குலம் எழும்பி வெளியே போய், ஆரிடமோ ஒரு சிகரட் கேட்டுவிட்டு, பற்ற வைக்காமலே திரும்பி வந்தார்.

எங்களுக்கு ஆறுதல். இப்படியே போனால் போதும்.

ஆனால் அவள் இப்படியே போகவில்லை. வளைவுக்கு வளைவு மூக்கை நுழைக்கிறாள். உள்பக்கம் பார்க்கிறாள், வெளிப்பக்கம் பார்க்கிறாள். என்ன விசர் இது?

“விடு பிள்ளை, விடு! ரெண்டாவது காணும்!” குலம் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினார்.

“ஆராவது அவளுக்குச் சொல்லுங்கோவன்!” நிமலனுக்கு அழுகை வரும் போலிருந்தது.

அந்த ஓட்டத்தின் கடைசி வட்டம். நீண்ட நேர்த் தெருவின் முடிவில் ஒரு ஊசி வளைவு. ஆரணி உள்பக்கமாக இறங்கினாள். ஒரு கணம் இரண்டு காரும் பக்கம் பக்கமாக... பிறகு அவளுடைய முன் சில்லில் இருந்து வெள்ளைப் புகை. கார் நேரே போய், அகலமாகச் சுற்றி, திரும்பி வருவதற்குள் பையன் போய்விட்டான்.

விறாந்தையில் நிம்மதிப் பெருமூச்சு. பரவாயில்லை, இடிபடவில்லை. இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

வெடித்தது வெடி.

நிமலன் படலையடியில் ஒரு வெடிக்கட்டு முழுவதையும் கொளுத்தினார். ஆரோ என் முதுகில் தட்டினார்கள். கேசரி வந்தது. திரையில் ஆரணியின் கார் ஓரமாக நிற்கிறது. அவள் இறங்கவில்லை. தலைக்கவசம் கழற்றாமல் குனிந்தபடி இருக்கிறாள். தோள் குலுங்குவது தெரிகிறது.

“ஆனந்தக் கண்ணீர்” என்றார் நிமலன்.

வசந்தி கேசரித் தட்டோடு நின்று பார்த்தார்.

“உது சந்தோசத்தில அழுற அழுகை இல்லை” என்றார்.

அடுத்த காட்சியில் அந்தப் பையன் பெரிய கோப்பையைத் தூக்கினான். அவனுடைய தொப்பியில் எழுதியிருந்ததை வாசிக்க ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. சாம்பியன் என்ற சொல் எல்லா மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வெளியே கடைசி வெடிகள் இரண்டு மூன்று இன்னும் வெடித்துக்கொண்டிருந்தன.

நான் போனை எடுத்து விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தேன். நான் பிரதி பண்ணிய புள்ளிப் பட்டியலுக்கு அடுத்த பக்கம். அடுத்த பக்கம்தான்! ஒவ்வொரு ஓட்டுநரும் தன் மிக மோசமான இரண்டு ஓட்டங்களைக் கழித்துவிட வேண்டும். மிச்சத்தைத்தான் கூட்ட வேண்டும்.

பையனுக்குக் கழிந்தது இரண்டு பூச்சியம். நட்டமே இல்லை. ஆரணிக்குக் கழிந்தது அந்த மழை நாளின் நாலு புள்ளியும், அதற்கு அடுத்த சுற்றின் ஆறு புள்ளியும். பத்து. ஐந்தால் வென்றவள் ஐந்தால் தோற்றாள். பையன் முன்னுக்கு ஓடின கடைசி ஓட்டத்தில் அவளுக்கு வெற்றி ஒன்றுதான் வழி. அது அவளுக்குத் தெரியும். ‘விடு பிள்ளை’ என்று நாங்கள் கத்தினோம்.

எழும்பி நின்று அறிவித்தவன் எழும்பி நின்றுதானே திருத்தவும் வேண்டும்? சொன்னேன். குலம், “அந்த மழை ஓட்டம் கணக்கில இல்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை, குலம்.”

“அப்ப அண்டைக்கு அவள் ஓடயில்லை எண்டோ சொல்லுகினம்?”

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு வரவுப் பரிசு கொடுக்கிறோம். ஆறாவதாக வந்தவனின் அரைப் புள்ளிக்கும் இல்லங்கள் சண்டை பிடிக்கும். அந்தப் பழக்கத்தில்தான் நான் எல்லாவற்றையும் கூட்டினேன். அந்த விதியை எழுதினவரும் கெட்டவர் இல்லை. எஞ்சின் பழுதான பிள்ளைக்கு இரண்டு நாளை மன்னிப்போம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் மன்னிப்புத் தேவைப்படாதவர் அந்த மன்னிப்புக்குத் தன் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாழ்க்கையில் வேறு இடங்களிலும் இப்படித்தானே?

கழகம் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை கூட்டம் கூடி, ஒரு மகஜர் அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். ரோட்டுக்கு மகஜர், கடல் கடக்கிற பாதைச் சேவைக்கு மகஜர், தண்ணீருக்கு மகஜர் என்று அனுப்பிப் பழகின தீவு இது. ஜெர்மனிக்கு ஒன்று அனுப்ப ஏலாதா? ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். குற்ற உணர்வில் இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கையெழுத்து வைக்க எல்லாரும் குலத்தின் வீட்டுக்கு வந்தார்கள். முதல் கையெழுத்து குலத்தினது என்று ஏற்பாடு. பேனையை எடுத்தார். போன் அடித்தது. ஆரணி.

ஸ்பீக்கரில் போட்டார்கள். நிமலன் மகஜர் விசயத்தை ஒரே மூச்சில் சொன்னார். பெரிய அநியாயம், விடமாட்டோம் என்றும் சொன்னார்.

“மாமா, வேண்டாம்” என்றாள். கொஞ்சம் தயங்கித் தயங்கி வருகிற தமிழ். “அந்த ரூல் தொடங்க முதலே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கடைசி லாப்பில பிரேக்கைப் பிந்திப் பிடிச்சனான். அதுதான் தோத்தனான். வேற ஒண்டும் இல்லை.”

நிமலன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ‘பரவாயில்லை பிள்ளை, அடுத்த வருசம் பாப்பம்’ என்று ஆராவது சொல்ல வேண்டிய இடம்.

குலம் அதைச் சொல்லவில்லை.

“எவ்வளவு பிந்தினனீ?” என்று கேட்டார்.

“மூண்டு மீற்றர் இருக்கும், மாமா.”

“ஈரமோ?”

“இல்லை, தூசி. உள்பக்கம் ஒருத்தரும் ஓடுறேல்லை. அங்க பிடி இல்லை.”

“எங்கட பாலத்திலயும் ஓரம் முழுக்க மணல்தான். அதில காலை வைச்சா இழுத்துக்கொண்டு போகும். பொறு... வளைவு எந்தப் பக்கம்? வலமோ இடமோ?”

“வலம். முதல் கொஞ்சம் இறக்கம், பேந்து வலம்.”

“இறக்கத்திலயோ பிரேக் பிடிச்சனீ? இறக்கத்தில முன் சில்லுக்குப் பாரம் வருமே?”

“ஓம், ஓம்! அதுதான் நானும் நினைச்சன். ஆனா பின்பக்கம் லேசாப் போச்சுது...”

குலம் கைக்கு எட்டின கடதாசியை இழுத்து, கவிழ்த்து வைத்து, அந்த வளைவைக் கீறத் தொடங்கினார். எந்த இடத்தில் கால் வைத்தாள், எந்த இடத்தில் புகை வந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, இவர் புள்ளடி போட்டார். இது வேறு யாருக்கும் இடமில்லாத கதை. முக்கால் மணித்தியாலம் போனது. ஒருதரம் ஆரணி சிரித்தாள். கையெழுத்து வைக்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள்.

நிமலன் மட்டும் கடைசிவரை நின்றார்.

“அண்ணை... மகஜர்?”

குலத்துக்குக் காது கேட்கவில்லை.

அது இப்போது அவருடைய பஸ்ஸில், சாரதி இருக்கைக்கு மேலே செருகியிருக்கிறது. நான் இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதின ஆங்கிலம் உள்பக்கம். வெளியே தெரிவது வளைவு.