ஆத்தூர் கல்யாணத்து அண்டா

சமையல் காண்ட்ராக்டர் அருளப்பன் இறந்துவிட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான். "அப்பா போயிட்டாருங்க" என்றான். எந்த அப்பா என்று கேட்டேன்... அப்படித்தான் கேட்க வந்தது.

போனை வைத்ததும் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"என் தொழிலைக் கெடுத்த மனுஷன்" என்று இந்த முகநூல் பக்கத்தில் நாலைந்து தடவை எழுதியிருக்கிறேன். பழைய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேர் மட்டும் போட்டதில்லை. இவர்தான்.

அறுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சேலத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பனமரத்துப்பட்டிக்குத் திரும்பிப் போய் காட்டில் உழவு வேலை செய்ய மனசில்லை. நான் தங்கிப் படித்த ஹாஸ்டலில் அருளண்ணன் சமையல்காரர். எடப்பாடிப் பக்கத்து ஆள். கிறிஸ்தவர்.

அப்போதெல்லாம் கல்யாணச் சமையல் என்றால் சொந்தக்காரர்கள் கூடிச் செய்வார்கள். இல்லாவிட்டால் சாதி பார்த்து ஒரு சமையல்காரரைப் பிடிப்பார்கள். பாத்திரம், காய்கறி, ஆள் எல்லாவற்றையும் நாமே கொண்டுபோய் இறக்கி, பந்தி பரிமாறி, கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவது... அந்த யோசனை என்னுடையது. அதை இன்றைக்கும் விட்டுத்தர மாட்டேன்.

கைப்பக்குவம் அவருடையது. பெரிய அண்டா அவர் மனைவி ஞானம்மாக்கா சீராகக் கொண்டுவந்தது. விளிம்பில் அக்கா பேரும் ஒரு சின்னச் சிலுவையும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

ஐந்தாறு ஞானஸ்நான விருந்து, ஒன்றிரண்டு சின்னக் கல்யாணம். பிறகு ஆத்தூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு ஆர்டர் வந்தது. நன்றாக நடந்தால் அந்த வட்டாரமே எங்களுக்கு. இல்லாவிட்டால் நான் காட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

பேசி முடித்தது நான். சமையல்காரர் பேரைக் கேட்டார்கள். "அருணாசலம்" என்றேன்.

லாரியில் அண்டாவோடு போகும்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, என்ற பேருக்கு என்ன கேடுங்க?"

"ரெண்டு நாளைக்குத்தானேண்ணா..."

ஞானம்மாக்கா சிரித்துவிட்டார். "அப்ப நானு உண்ணாமுலைங்களா?"

பேரை மாற்றினேன். அண்டாவை மறந்துவிட்டேன்.

முகூர்த்தச் சாப்பாடு. முதல் பந்தி முடிந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா அடுப்படிக்கே வந்தார். சாம்பார் அருமை என்று சொல்லத்தான் வந்தார். சொல்லவும் சொன்னார். அப்புறம் அவர் கண் அண்டா விளிம்பில் நின்றது.

"இது யாரோடது?"

"வாடகை அண்டாங்க" என்றேன், சட்டென்று.

அவர் என்னை விட்டுவிட்டு அருளண்ணனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

இரண்டடி தள்ளி ஞானம்மாக்கா வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"இல்லீங்க. என்ற சம்சாரத்துதுங்க. சீரு" என்றார் அருளண்ணன்.

இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. பாதிப் பேர் உட்காரவில்லை. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். "பேர மாத்திச் சொன்னது யாருடா?" என்று பெரியப்பா கத்தினார்.

நான் இலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்க சாமி" என்றார் அருளண்ணன்.

மீந்த சோறெல்லாம் மில்லில் நெல் அவிக்கும் பெண்களுக்குப் போனது. "நல்லாத்தானே இருக்கு, இவங்களுக்கு என்ன வந்துச்சு" என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சேலத்தில் லாரியிலிருந்து அண்டாவை இறக்கிக் கொடுத்தேன். அதோடு நான் அவர் பக்கம் போகவில்லை. அவரும் வாடகை என்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே... அந்தக் கோபம்தான், இத்தனை வருஷமும்.

எனக்கு ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் தன் சொந்தப் பேரைப் பெரிதாக எழுதி போர்டு மாட்டினார். முதலில் அவர் சர்ச்சின் பங்கு மக்கள் மட்டும் கூப்பிட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல மற்றவர்கள். கடைசியில் எங்கள் பனமரத்துப்பட்டி ஆட்களே கூப்பிட்டார்கள். அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் போவேன். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவேன்.

போன வருஷம் என் பேத்தி கல்யாணம். என் மகன் என்னிடம் சொல்லாமல் அவர்களுக்கே ஆர்டர் கொடுத்திருந்தான். அருளண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னைக்காச்சும் உக்காருங்க தம்பி. இலை போடச் சொல்லட்டுங்களா?"

"சுகர் இருக்கு" என்றேன்.

"ரசத்துல ஏதுங்க சர்க்கரை?" என்று சிரித்தார்.

எழுந்து போய்விட்டேன். அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்...

நாளைக் காலை அடக்கம். "எட்டு மணிக்குங்க, வாரீங்களா?" என்று அவர் மகன் கேட்டான். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். வருகிறேன்.

அருளண்ணா... ஆத்தூரில் பேரை மாற்றிச் சொன்னது நான்தான்.

போய் வாங்கண்ணா.